பலிபீடமும் பந்தியும்

நம் சபைகளில் பரிசுத்த வாழ்வைப் பற்றிப் பேச்செடுத்தால் கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடும். சினிமா கூடாது, குடி கூடாது, நகை கூடாது, ஓய்வுநாளில் கடை திறக்கக் கூடாது. உபவாசம் வேண்டும், அதிகாலை ஜெபம் வேண்டும், தசமபாகம் வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் பட்டியல் கொஞ்சம் மாறும்: தவக்கால ஒறுத்தல், வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு, செபமாலை, முடிந்தால் பிள்ளைகளில் ஒன்றைச் சாமியாராகவோ சிஸ்டராகவோ அனுப்பிவைப்பது. இந்தப் பட்டியல்களைக் கேலி செய்வது எளிது. குடியில் சீரழிந்த குடும்பமொன்று இதைப் பிடித்துக்கொண்டே கரையேறியதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் இரண்டாயிரம் வருடங்களாகக் கிறிஸ்தவர்கள் பரிசுத்தம் பற்றி நடத்திவந்த வாதங்களை வரிசையாகப் படித்துவந்தால், பட்டியலில் ஏறாமல் போனவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன. தேவனுக்கு ஒப்புக்கொடுத்தவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், யாருக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறார் என்ற கேள்விகள் ஒவ்வொரு காலத்திலும் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. சில இடங்களில் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் தொடக்கத்திலேயே அவை இருந்தன. பரிசுத்தராயிருங்கள் என்ற கட்டளைக்குப் பிரசங்கிகள் முதலில் புரட்டுவது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத்தான். இரண்டாம் வசனத்தை வாசித்துவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்கள். தொடர்ந்து வாசித்தால் அதிகாரம் போகிற போக்கு வேறு. வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் போடாதே, தராசும் படியும் சரியாக இருக்கட்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பிறனை உன்னைப்போல் நேசி என்ற புகழ்பெற்ற கட்டளையும் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. பலி இறைச்சியை எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், துணியில் எந்த இரண்டு நூலைக் கலக்கக் கூடாது என்ற விதிகளும் இடையிடையே வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சடங்கையும் கூலியையும் தனித்தனி ஏட்டில் எழுதும் பழக்கம் அந்த நூலாசிரியருக்கு இல்லை.

ஆதிச் சபையின் முதல் பெரிய பரிசுத்தச் சண்டையே பந்தியில்தான் வெடித்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பின்வாங்கினார். பவுல் எல்லோர் முன்பாகவும் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியர் நிருபத்தில் பவுலே இதை எழுதியிருக்கிறார். விலகி இருப்பதே தூய்மை என்று வளர்ந்த ஒருவர், விலகியது தவறு என்று இன்னொருவரைக் கண்டித்த இடம் அது. இதே பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது அவர்களைப் பரிசுத்தவான்கள் என்றே அழைக்கிறார். அந்தச் சபையிலோ கோஷ்டிச் சண்டை, கோர்ட் வழக்கு, தகப்பனின் மனைவியோடு வாழ்ந்த ஒருவன், கர்த்தருடைய பந்தியில் பணக்காரர் முந்திச் சாப்பிட ஏழைகள் பசியோடு நின்ற அவலம் எல்லாம் இருந்தன. பரிசுத்தம் முதலில் அழைப்பாகத் தரப்பட்டுப் பிறகு நடத்தையாகக் கேட்கப்படுகிறது என்று இறையியலாளர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். சரிதான். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான் மீதிச் சரித்திரம் முழுவதும் நடந்திருக்கிறது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அந்தோணியார் பேர் ஆயிரக்கணக்கானோரைப் பாலைவனத்துக்கு இழுத்தது. ஆலயத்தில் வாசிக்கப்பட்ட நற்செய்தியைக் கேட்டுப் பரம்பரை நிலத்தை ஊராருக்குக் கொடுத்து, தங்கையைக் கன்னியர் குழுவொன்றிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர் அவர். அத்தனாசியுஸ் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பேய்களோடு நடந்த போராட்டங்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். துன்புறுத்தல் காலத்தில் அவர் தனிமையை விட்டு அலெக்சாந்திரியாவுக்கு இறங்கிவந்து, சிறையிலும் சுரங்கத்திலும் கிடந்த விசுவாசிகளுக்குப் பணிவிடை செய்ததும் அதே நூலில்தான் இருக்கிறது. துறவு போதும் என்று எல்லோரும் நினைக்கவில்லை. தனியாக வாழ்பவன் யாருடைய கால்களைக் கழுவுவான் என்று கேட்டவர் செசரியாவின் பசிலியார். கேட்டதோடு நிற்காமல் தன் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகளில் எனக்குப் பிடித்தது பண்டகசாலைப் பொறுப்பாளருக்கான 31ஆம் அத்தியாயம். மடத்தின் பாத்திரம் பண்டங்களைப் பலிபீடத்துப் பாத்திரங்களாகப் பாவிக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி. சமையற்கட்டுச் சட்டிக்கும் நற்கருணைக் கிண்ணத்துக்கும் ஒரே மரியாதை! ஒப்புக்கொடுத்த வாழ்வுக்கு இதைவிடக் கறாரான ஒரு சோதனையை நான் படித்ததில்லை.

இரண்டு தட்டுப் பரிசுத்தம் உருவானதும் இதே காலத்தில்தான். மடத்தில் இருப்பவர்களுக்கு உயர்ந்தது, மனைவி மக்களோடு இருப்பவர்களுக்குச் சாதாரணமானது. லூத்தர் 1521இல் துறவற வார்த்தைப்பாடுகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தட்டுகளை உடைத்தார். 1525இல் முன்னாள் கன்னியாஸ்திரீ கத்தரீனா ஃபான் போராவை மணந்துகொண்டார். செருப்புத் தைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் தேவ அழைப்பே என்றானது. கத்தோலிக்கத் திருச்சபை தன் வழியில் இந்த இடத்துக்கு வர 1964 ஆயிற்று. அந்த ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் ஐந்தாம் அதிகாரம், புனிதம் எல்லா நிலையினருக்குமான அழைப்பு என்று தெளிவாகச் சொன்னது.

யாருக்கு என்பது தீர்ந்தால் எப்படி என்பது தலைதூக்குகிறது. புராட்டஸ்தாந்து உலகில் அந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் ஜான் வெஸ்லி. இந்த வாழ்விலேயே ஒரு விசுவாசி அன்பில் பூரணமடைய முடியும் என்று அவர் போதித்தார்; தாம் அதை அடைந்துவிட்டதாக அவர் உரிமை கொண்டாடியதில்லை. அந்தப் போதனை சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கவனம் அவருடைய கணக்குப் புத்தகத்தின் மேல். வருமானம் 30 பவுன் இருந்தபோது 28இல் வாழ்ந்து இரண்டைக் கொடுத்த ஆக்ஸ்போர்டுக்காரர் ஒருவரைப் பற்றி அவர் பிரசங்கத்தில் சொல்வார். வருமானம் 60 ஆனபோதும் 28தான் செலவு, 90 ஆனபோதும் 28தான், 120 ஆனபோதும் 28தான். மீதி முழுவதும் ஏழைகளுக்கு. அந்த ஆள் வெஸ்லியேதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்பதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்தும்.

மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் பிறந்த கதையும் பணத்தோடு சேர்ந்ததுதான். 1742இல் பிரிஸ்டல் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வசூலித்தார். போன இடத்தில் குடிச் சண்டையும் வேறு தடுமாற்றங்களும் தெரியவந்தன. வசூல்காரர் மேய்ப்பரானார். கொஞ்ச நாளில் அந்தச் சிறு குழு வாரந்தோறும் கூடி, அவரவர் ஆத்துமா எப்படியிருக்கிறது என்று விசாரிக்கும் இடமாக மாறியது. பரிசுத்தத்தைத் தனிமனிதனின் உணர்ச்சியிலிருந்து எடுத்துப் பத்துப் பேர் பார்வையில் வைத்த ஏற்பாடு இது. கன்வென்ஷன் பந்தலில் கையை உயர்த்திய பிறகு யாரும் பின்தொடர்ந்து விசாரிக்காத நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி தெரியும்.

அதே மெதடிஸ்டுகள் தடுக்கி விழுந்த இடமும் உண்டு. வெஸ்லி இறப்பதற்கு ஆறு நாள் முன்பு, 1791 பிப்ரவரி 24 அன்று, அடிமை வாணிபத்துக்கு எதிராகப் போராடும் வில்பர்ஃபோர்ஸுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் எழுதினார். அமெரிக்க மெதடிஸ்டுகள் 1784இல் தங்கள் சபையை அமைத்தபோது, அடிமை வைத்திருப்போர் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்று விதி செய்தார்கள். அடுத்த ஆண்டே அதை நிறுத்திவைத்தார்கள். தேசமெங்கும் வேதாகமப் பரிசுத்தத்தைப் பரப்புவதே தங்கள் வேலை என்று சொன்ன சபை, அடிமை வைத்திருந்த பேராயர் ஒருவர் விஷயத்தில் 1844இல் இரண்டாகப் பிளந்தது. 1860இல் உருவான சுதந்திர மெதடிஸ்டு சபையார் அடிமை முறையை மட்டுமல்ல, பணம் கட்டியவருக்கே ஆலயத்தில் பெஞ்சு என்ற வாடகை முறையையும் பரிசுத்தக் குறைவாகவே எண்ணினார்கள். ஆராதனையில் யார் எங்கே உட்காருவது என்பது இறையியல் கேள்விதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் 1875இல் தொடங்கிய கெஸ்விக் கூட்டங்கள் பரிசுத்தப் பேச்சுக்கு இன்னொரு தொனியைத் தந்தன. முழுவதும் சரணடைந்துவிடு, ஜெயவாழ்வு கிட்டும் என்பது அதன் சாரம். ஜே. சி. ரைல் இதற்கு மறுப்பாகவே 'பரிசுத்தம்' என்ற நூலை எழுதினார். விசுவாசத்தால் நீதிமானாவது ஒன்று, பரிசுத்தத்தில் வளர்வதோ ஆயுள் முழுக்கப் போராட்டம், அதைக் கூட்டத்தின் ஒரே இரவில் முடிக்க முடியாது என்பது அவர் வாதம். என் சாய்வு ரைலின் பக்கம். ஆனால் கெஸ்விக் தன் செலவில் அனுப்பிய முதல் மிஷனெரி நம் தென்பாண்டிச் சீமைக்குத்தான் வந்து சேர்ந்தார். அந்த வாழ்க்கையைப் படித்தால் சாய்வு கொஞ்சம் ஆடும்.

எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிக் கிராமங்களில் பெண்கள் குழுவோடு சுவிசேஷம் சொல்லித் திரிந்தார். 1901இல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ப்ரீனா என்ற சிறுமி தப்பி அவரிடம் வந்ததோடு அந்தத் திரிதல் நின்றது. களக்காட்டை அடுத்த டோனாவூரில் குழந்தைகள் சேரத் தொடங்கினார்கள். தொட்டில் ஆட்டவும் பால் காய்ச்சவும் ஆள் வேண்டியிருந்தது. பிரசங்கிக்க வந்தவர் ஆயா வேலை பார்ப்பதா என்ற முணுமுணுப்பு மிஷனெரி வட்டாரத்திலேயே இருந்தது. அழுக்குத் துணி துவைப்பதும் ஆத்தும ஆதாயமும் வேறுவேறு என்று அவர் ஒப்பவில்லை. 1916இல் திருமணம் செய்யாமல் இந்தப் பணிக்கே தங்களைக் கொடுத்த இந்தியப் பெண்களைக் கொண்டு ஒரு சகோதரிகள் குழுவை அமைத்தார். சம்பளம் கிடையாது, நன்கொடை கேட்டு விளம்பரமும் கிடையாது. மருத்துவமனைக்குப் பரம சுக சாலை என்று பெயர். 1931இல் கீழே விழுந்தபின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையறையோடு முடங்கி, 1951இல் அங்கேயே இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அடக்க இடத்தில் பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். அதில் உள்ள பெயர் அம்மை. இன்றைய கண்ணோட்டத்தில் அவர் மேல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்தும் மதத்திலிருந்தும் பிரித்தது பற்றி அன்றே வழக்குகள் நடந்தன. ஆனாலும் சரணடைதல் என்ற கெஸ்விக் சொல் ஒரு தொட்டிலறையில் என்னவாக மாறியது என்பதற்கு டோனாவூர் சாட்சி.

அர்ப்பணிப்பில் குறையே இல்லாத மிஷனெரிகளிடமும் ஒரு குறை இருக்கலாம் என்பதைச் சொன்னவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசியபோது அவர் மிஷனெரிகளின் தியாகத்தைத் தாராளமாகப் பாராட்டினார். சொத்தைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். ஒரே மேசையில் சரிசமமாக உட்காராத தியாகம் எங்கே நின்றுபோகிறது என்பதை அந்த மண்டபத்தில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அது சிலருக்குப் பிடிக்கவுமில்லை. இரண்டாண்டு கழித்து அவர் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பந்தி விஷயத்தில் நம்மூர்க் கணக்கு நான்கு நூற்றாண்டு பழையது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, ஒரு சந்நியாசியாக வாழ்ந்தார். துறவைக் கண்டால் கையெடுக்கும் மண்ணில் துறவியாகவே நிற்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. 1623இல் ரோமும் இசைந்தது. ஆனால் உயர்சாதித் துறவியின் கோலத்தை எடுத்துக்கொண்டவர் அந்தக் கோலத்தின் தீண்டாமையையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவர்களோடு அவரால் பகிரங்கமாகப் பழக முடியவில்லை. அந்த வேலைக்குப் பிறகு பண்டாரசாமிகள் என்ற தனி வகை உண்டாயிற்று. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தர் அப்படிப்பட்ட பண்டாரசாமி. ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவன் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை அனுப்பிவிட, அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவாக இருந்ததே உடனடிக் காரணம். ஒரு வீட்டின் தாம்பத்தியத்துக்குள் பரிசுத்தம் நுழைந்ததற்கு ஒரு குருவின் தலை விலையானது. அனுப்பிவிடப்பட்ட பெண்களின் கதையை யாரும் எழுதவில்லை என்பதை ஓரமாகக் குறித்துவைக்கலாம்.

அடுத்தவர் தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். மனைவி உள்ளவர், குருவானவர் அல்ல. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் நட்பால் விசுவாசம் கொண்டு 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். கைதாகி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்கான காரணம் பற்றி வரலாற்றாளர்களிடையே தகராறு உண்டு. சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் உண்டதும் குற்றத்தில் சேர்ந்ததென்று திருச்சபை மரபு சொல்கிறது. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றபோது அந்த மாட்சிமை பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே. 1964இன் போதனைக்கு இங்கே கிடைத்த முகம் அது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்கே வருவோம். 1872இல் அங்கே எழுந்த ஆலயம் ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு நீண்ட கூடங்களைக் கொண்டது. ஒன்றில் வெள்ளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், மற்றதில் நாடாரும் பிறரும். ஊரார் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். குரு பீடத்தில் நின்றால் இரு கூடத்தாருக்கும் தெரிவார். கூடத்தார் ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். ஒரே அப்பம், ஒரே கிண்ணம், நடுவில் சுவர். இதைக் கட்டியவர்கள் பக்தியில் குறைந்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நோன்பு இருந்திருப்பார்கள், காணிக்கை போட்டிருப்பார்கள். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. கோயிலுக்குள் சாதிப்படி தனியிடம் கேட்கும் உரிமை அங்கே எடுபடவில்லை.

சீர்திருத்தச் சபையார் இதைப் படித்து நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் கலகமே எழுந்தது. நற்கருணையில் யார் முந்தி, ஆலயத்தில் யார் எந்தப் பாயில் என்பதற்காகச் சபையை விட்டே போனவர்கள் இருந்தார்கள். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் பெரும் கவிஞருமான வேதநாயக சாஸ்திரியார்கூட இந்த மாற்றங்களை எதிர்த்த அணியில்தான் நின்றார். இன்றும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடும் வீடுகளில் அவர் பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது; சொல்லப்படவும் வேண்டும். ஒருவர் வாழ்வில் தேவபக்தி தொட்ட இடமும் தொடாத இடமும் அருகருகே இருக்க முடியும் என்பதை அந்தப் பெரியவரை வைத்தே புரிந்துகொள்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் பட்டியலைப் புதுப்பித்தன. 1920களில் கொழும்பில் கேரளத்தவரான பாஸ்டர் பால் தொடங்கிய இலங்கை பெந்தெகொஸ்தே மிஷன், இன்று இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஊழியர்கள் மணம் செய்வதில்லை, வெள்ளை உடுத்துகிறார்கள், விசுவாச வீடுகளில் பொதுவாழ்வு வாழ்கிறார்கள். துறவறத்தை விட்டுவந்த புராட்டஸ்தாந்து மரபுக்குள் துறவறம் பின்வாசல் வழியே திரும்பிவந்தது என்று இதைச் சொல்லலாம். பெந்தெகொஸ்தேக்காரர்களின் நகை விலக்கைப் பிறர் கிண்டலடிப்பதுண்டு. ஆனால் தாலிக்கொடியும் அட்டிகையும் இல்லாத கல்யாணத்தில் ஏழைத் தகப்பன் மூச்சுவிட்டதும், வெள்ளை உடையில் மேட்டுத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றாகத் தெரிந்ததும் உண்மை. அதே வீடுகளில் நகைக்குப் பதில் மனையும் காரும் வரதட்சணையாகக் கைமாறியதும் உண்மை.

இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது சாதிப் பாகுபாட்டை நிர்வாகக் குறையாக மட்டும் பேசவில்லை. அது உண்மையான ஆன்மிகத்துக்கே ஆபத்து என்றார். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்கள் குறித்த கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் பாகுபாடு இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. தேவசகாயத்தின் பெயரிலிருந்து பிள்ளை என்ற பட்டத்தை எடுக்க வேண்டும் என்று விண்ணப்பங்கள் போய், புனிதர் பட்டத்துக்கு முன்பே ரோம் அதை நீக்கியது. வரலாற்றுப் பெயரை மாற்றுவதா என்று ஒரு தரப்புக்குக் கோபம். சாதியை விட்டுச் செத்தவருக்குச் சாதியை ஒட்டிப் பீடத்தில் ஏற்றுவதா என்று மறுதரப்புக்குக் கோபம். நான் இரண்டாம் தரப்பு.

பெயரில் போனது கல்யாணத்தில் போகவில்லை. மணமகன் தேவை விளம்பரங்களில் இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஜெபிக்கிற பிள்ளை என்ற தகுதிகளுக்குப் பக்கத்திலேயே இன்ன சபை, இன்ன சாதி என்பதும் தவறாமல் அச்சாகிறது. கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையங்களில் சாதிவாரிப் பிரிவு இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். மறுபிறப்பின் சாட்சியைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த மூப்பர்கள் இந்த ஒரு பத்தியைப் பற்றிப் பேசுவதில்லை. முழுநேர ஊழியத்துக்குப் பிள்ளையை ஒப்புக்கொடுத்த பெற்றோர் எனக்குத் தெரிந்து பலர் உண்டு. அந்தப் பிள்ளை சாதி மாறிக் கட்டினால் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.